கீழ்த்தாடை

வெள்ளைத் துணியைக் கையில் பிடித்தபடி சிங்காரவேலு தம்பியின் தலைமாட்டில் விழித்துக்கொண்டு நின்றார். செத்தவரின் வாய் திறந்துகொள்ளாதபடி மோவாயை இழுத்து உச்சந்தலையில் கட்ட வேண்டும். மணிவண்ணனுக்கு மோவாய் இல்லை. போன வருஷம் திருச்சியில் புற்றுக்கு ஆபரேஷன் செய்து கீழ்த்தாடையையே எடுத்துவிட்டார்கள்.

"எதுல கட்டுறது, மலரு?" என்றார்.

மலர்கொடி புருஷனின் மூக்கிலிருந்து குழாயைக் கழற்றிவிட்டு, பிளாஸ்திரி ஒட்டியிருந்த இடத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

செந்துறையில் மணிவண்ணன் விலங்கியல் வாத்தியார். புகையிலை கெடுதல் என்று பாடம் நடத்திவிட்டு, ஜன்னல் பக்கம் போய்த் துப்பிவிட்டு வருகிற மனுஷன். சொல்லிச் சொல்லி மலர்கொடிக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

ஆபரேஷனுக்கு முதல் நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இட்லி தின்றுகொண்டே அவளுக்கும் வகுப்பெடுத்தார்.

"ஆதியில மீனுக்குத் தாடையே கிடையாதுடி. வெறும் ஓட்டை வாயி. செவுளத் தாங்குற எலும்புதான் பின்னால தாடையா மாறுச்சுன்னு சொல்றாங்க. நம்ம சுண்ணாம்புக் குவாரியில சுறாப்பல்லு பொறுக்குறாங்களே, அதெல்லாம் தாடை வந்தப்புறம் வந்த மீனு. ஆனா தாடை இல்லாத லாம்ப்ரே, ஹாக்மீனு ரெண்டும் இன்னிக்கும் கடல்ல கெடக்கு. கோடிக்கணக்கான வருசமா அந்த வம்சம் பொழைக்கல? நான் ஒரு இருவது வருசம் பொழைக்க மாட்டனா?"

படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் நம்பினாள். அவர் வாயால் தின்றது அந்த இட்லியோடு சரி. பிறகெல்லாம் குழாய் வழியாகக் கஞ்சியும் வடிகட்டிய பருப்புத் தண்ணியும்தான். ரசம் தாளித்தால் எழுந்து வந்து அடுப்படி வாசலில் நிற்பார்.

எடுக்கிற நேரம் வந்தது. சடங்கு செய்ய வந்த வீரமணி அரிசித் தட்டை வைத்துவிட்டு, கட்ட வழியில்லாமல் வாயின் மேல் போட்டிருந்த துண்டைப் பார்த்தார்.

"வாய்க்கரிசிய மாருமேல போட்டுரலாங்களா? வாயில நிக்காதுங்க."

"அதான் சரி. துண்ட எடுக்க வேணாம்" என்றார் சிங்காரவேலு. தம்பியை ஊரார் அந்தக் கோலத்தில் பார்த்துவிடக் கூடாதே என்று அவருக்குக் கவலை.

"மாருல போட்டா மனுசன் எப்புடித் திங்கிறது மாமா?" மலர்கொடியின் குரல் உடைந்தது. "ஒரு வருசமா வாயில ஒரு பருக்கை படல. பசியோட அனுப்ப மாட்டேன்."

"போட்டா வழிஞ்சு தரையில விழும்மா. அதையும் பாத்துக்கிட்டு நிக்கணுமா?"

அவள் தலைமாட்டில் உட்கார்ந்து துண்டை எடுத்தாள். வாசலில் நின்ற ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மலர்கொடி தொய்ந்து கிடந்த கீழுதட்டுக்கு அடியில் வலது கையைக் குழித்துத் தாங்கி, மேலே தூக்கிப் பிடித்தாள்.

"இப்பப் போடுங்க."

சிங்காரவேலு போட்டார். மகள் தேவயானி அழுதுகொண்டே போட்டாள். ஒரு மணி அரிசிகூடக் கீழே சிந்தவில்லை. பங்காளிகள், உடன் வேலை பார்த்த வாத்தியார்கள் என்று வரிசை வாசலைத் தாண்டி நின்றது. ஒருவர் கைநிறைய அள்ளி மொத்தமாகப் போட்டார்.

"மெதுவாப் போடுங்க. பொரையேறும்" என்றாள் மலர்கொடி.

அடுத்து நின்றவர் தன் கையிலிருந்த அரிசியில் பாதியைத் தட்டிலேயே திரும்ப வைத்தார்.