தங்கச்சி ஒட்டிய வண்டி

கொஞ்சம் கிட்ட நெருங்கி உட்காருங்க. இந்தப் பம்புசெட்டு ஓடுகிற ஓட்டத்தில் தள்ளி உட்கார்ந்தால் பாதிச் சொல் தண்ணியோடு போய்விடும்.

எங்கள் ஊரில் வண்டியில் என்ன எழுத்து ஒட்டியிருக்கிறதோ, ஓட்டுகிறவன் அந்த எழுத்துக்குக் கட்டுப்பட்டவன். பால்கார சங்கரபாண்டி ஒரு பழைய வண்டி வாங்கினான். அதில் 'கடைக்குட்டி' என்று இருந்தது. அவனுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. அன்றிலிருந்து எந்த வீட்டுப் பந்தியிலும் அவனுக்குத்தான் முதல் இலை. எந்த வீட்டுப் பேச்சிலும் அவனிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. இன்னொருத்தர் வண்டியில் 'பயமே இல்லை' என்று இருந்தது. நாய் துரத்தினால் அவர் வண்டியை நிறுத்திவிட்டு நிற்கவேண்டும். நின்றார். கெண்டைக்காலில் தழும்பு இருக்கிறது.

தாளை உரித்துவிட்டால் எழுத்து போய்விட்டது என்று அர்த்தமில்லை. பசை இருக்கும். அதில் ரோட்டுப் புழுதி படிந்து, சிவப்பாக இருந்த எழுத்து கறுப்பாக, முன்னைவிடத் தெளிவாகத் தெரியும். கட்டுப்பாடு பசைக்குத்தான். தாளுக்கு இல்லை.

வெல்டிங் பட்டறை மந்திரமூர்த்திக்கும் சங்கிலி மகள் வடிவுக்கும் ஆவணியில் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தது. ரெண்டு பேருக்கும் பிடித்துப்போய்ப் பேசினது. வடிவுக்கு நைட்டி தைக்கிற கம்பெனியில் வேலை. அவள் அண்ணன் பூல்பாண்டிதான் தினமும் வண்டியில் கொண்டுபோய் விடுவான். டேங்கில் 'தங்கச்சி' என்று பெரிதாக ரேடியம் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தான்.

ஆடி மாசம் பூல்பாண்டி துபாய்க்குப் போனான். வண்டியை விற்றான். வாங்கினது யார் என்கிறீர்கள்? மந்திரமூர்த்தி.

"ஏம்ப்பா, உலகத்துல வேற வண்டியே இல்லையா?" என்று கேட்டேன்.

"வடிவு உட்கார்ந்து போன சீட்டு பெரியப்பா. வேற எவன் கைக்கும் போகவிடலாமா?" என்றான்.

அவளுடைய வீட்டு வாசலில் வைத்தே, எல்லோரும் பார்க்க, ஸ்டிக்கரை ஒரே இழுப்பில் உரித்தான். தாள் கையோடு வந்தது. சிரித்துக்கொண்டே திரும்பி, அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தான்.

"தங்கச்சி" என்று வந்தது.

"சொல்லுங்கண்ணே" என்றாள் வடிவு. சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் சங்கிலி பட்டறைக்குப் போனார். "அண்ணங்காரனுக்கு எப்படிய்யா தங்கச்சியக் குடுக்க முடியும்? ஆனது ஆச்சு. மூத்தவன் ஊர்ல இல்ல. நீருதான் முன்ன நின்னு அவளுக்கு ஒரு மாப்பிள்ளை பாக்கணும்" என்றார். பூல்பாண்டி அந்தப் பொறுப்பை வண்டியோடு விட்டுப் போயிருந்தான்.

மந்திரமூர்த்தி பார்த்தான். அவன் வேலையில் குறை வைக்கிறவன் இல்லை. அந்த வண்டியிலேயே ஏழெட்டு ஊர் அலைந்து, கடையநல்லூரில் ஒரு பையனைக் கண்டுபிடித்தான். பல்லும் குணமும் வரிசையாக இருந்தன. வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறோம் என்று அவர்கள் சொல்லியனுப்பினார்கள். மந்திரமூர்த்தி போகும்போதும் அழுதுகொண்டுதான் போனான். வரும்போதும் அழுதுகொண்டுதான் வந்தான். ஹெல்மெட்டுக்குள் தண்ணி நின்றது.

வண்டியை விற்றுத் தொலையேன் என்றேன். யார் வாங்குவான்? தங்கச்சி ஒட்டின வண்டி என்றால் ஆயுசுக்கும் சீர் செய்யவேண்டும். வந்த ரெண்டு பேரும் டேங்கைப் படித்துவிட்டு, டயர் சரியில்லை என்று போய்விட்டார்கள்.

அதற்கப்புறம்தான் வண்டி கழுவுகிற என் வாட்டர் சர்வீசுக்கு அதைக் கொண்டுவந்தான். முதலில் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தான். எழுத்து ஊறித் தடித்தது. பாசம் கூடிப்போய் அன்று சாயங்காலமே வடிவுக்கு வளையலும் அல்வாவும் வாங்கிக்கொண்டு போனான். பிறகு பிளேடு. பெயிண்ட் கீறிக்கொண்டு வந்தது, பசை வரவில்லை. பிறகு தின்னர். சுற்றியிருந்த பெயிண்ட் வெளுத்துப்போய், நடுவில் தங்கச்சி மட்டும் கல்வெட்டு மாதிரி நின்றாள்.

வியாழக்கிழமை மத்தியானம் வடிவு வந்தாள். கையில் தேங்காய் எண்ணெய்க் குப்பி, நைட்டித் துணி வெட்டு ஒன்று. டேங்கைப் பார்த்தாள்.

"பிளேடு போட்டது யாரு பெரியப்பா? இந்தண்ணனா?"

"நான்தான் தங்கச்சி" என்றான் மந்திரமூர்த்தி.

"வெல்டிங் கையி. இதையும் கம்பிக் கிராதின்னு நெனைச்சீயளாக்கும்! நெத்தியில ஸ்டிக்கர் பொட்டு வச்சு எடுக்கிறவளுக்குத் தெரியாதா பசையப் பத்தி? பிளேடு போட்டா எங்க நெத்தி என்னத்துக்கு ஆகும்?"

டேங்க் நல்ல வெயிலில் நின்று சூடேறியிருந்தது. அதுவே நல்லதுக்குத்தான் என்றாள். துணியில் எண்ணெயைத் தொட்டாள்.

நான் தடுத்தேன். "அவசரப்படாதம்மா. மொத்தத்தையும் எடுத்துட்டா என்ன ஆகும்னு தெரியும்ல? மேலத்தெருக்காரர் கதைய மறந்துட்டியா?"

மேலத்தெருவில் ஒருத்தர் 'மாமனார் உபயம்' என்று ஒட்டியிருந்ததை ரோஷப்பட்டு ஒரு பொட்டுப் பசை விடாமல் எடுத்துவிட்டார். மறுநாள் அவரை வாசலில் பார்த்த மாமனார், "யாரு, கரண்ட் ஆபீஸா?" என்று கேட்டார். உள்ளேயிருந்து பொண்டாட்டியும் அதையேதான் கேட்டாள். ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று நாம் சும்மாவா சொல்கிறோம்? ஒட்டு போனால் உறவு போயிற்று. பசையை விட்டால் அண்ணன், எடுத்தால் அந்நியன். மந்திரமூர்த்திக்கு அந்த ரெண்டு வழிதான் இருந்தது. அவன் தலையில் கைவைத்துத் தண்ணித் தொட்டி ஓரமாக உட்கார்ந்துவிட்டான்.

வடிவு எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். தையல்காரி துணியைப் பார்ப்பாள் இல்லையா, எதை வெட்டலாம், எதை விடலாம் என்று, அப்படி.

அப்புறம் இடது உள்ளங்கையால் முதல் மூன்று எழுத்தைப் பொத்திக்கொண்டாள். எண்ணெய்த் துணியைக் கடைசி ரெண்டு எழுத்தின் மேல் வைத்து, நூறு எண்ணுகிற நேரம் ஊறவிட்டாள். வலது கட்டைவிரலால் ஓரத்திலிருந்து மெள்ள உருட்டினாள். பசை சுருண்டு சுருண்டு அழுக்குருண்டையாக வந்தது. பெயிண்டில் புதுசாக ஒரு கீறல் இல்லை. 'ச்சி' முழுசாகக் கழன்று அவள் விரலில் நின்றது.

கையை எடுத்தாள். டேங்கில் 'தங்க' என்று இருந்தது.

மந்திரமூர்த்தி எழுந்து வந்தான். "வடிவு" என்றான். சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்தான்.

சங்கிலிக்கு ஆள் அனுப்பினோம். அவர் வந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

"தங்க. சரி. எங்க தங்க?"

"இது தங்கச்சியோட மிச்சம்ப்பா. அப்ப தங்கச்சி வீட்லதான தங்கணும்" என்றாள் வடிவு.

"நம்ம வீட்லயா?"

"எழுதியிருக்கே."

எழுதியிருந்ததை அவர் மறுக்க முடியாது. டேங்கை ஒருதரம் சுற்றி வந்தார். "ஏளா, கல்யாணம் ஆகாத புள்ள இருக்க வீட்ல ஒரு ஆம்பள வந்து தங்குனா ஊர்ல என்ன சொல்லுவாவ?"

 அவரே யோசித்து வரட்டும் என்று வடிவு துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

சங்கிலி யோசித்தார். ஒரு வண்டிக்குத் தண்ணி அடித்து முடிக்கிற நேரம் ஆயிற்று. "அப்ப வீட்டோட மாப்பிள்ளையாத்தான் தங்கணும். வேற முறை கெடையாது" என்றார். பிறகு கவலையோடு, "நாளைக்கு வாரவுகளுக்கு என்ன சொல்ல?"

"பொண்ணுக்கு ஒருத்தர் தங்கிட்டார்னு சொல்லுங்க."

"அதுவும் சரிதான்" என்று சங்கிலி வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தார். மந்திரமூர்த்தி தன் துணிமணிகளை எடுத்துவர அவரையும் கூட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனான். ஹெல்மெட்டை மறந்து வைத்துவிட்டுப் போனான்.

வடிவின் விரலில் அந்த 'ச்சி' இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கீழே போட முடியாது. யார் செருப்பிலாவது ஏறி எந்த வீட்டுக்குப் போகுமோ. தொட்டித் தண்ணியிலும் கழுவ முடியாது; அந்தத் தண்ணியில்தான் ஊர் வண்டியெல்லாம் கழுவுகிறேன். அவள் சுற்றிலும் பார்த்தாள். வேலியோரப் பூவரசில் மஞ்சளாக ஒரு பூ இருந்தது. கிளையை வளைத்து, பூவுக்குப் பக்கத்தில் 'ச்சி'யை வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினாள்.

மஞ்சள் பூச்சி ரெண்டு தரம் சிறகை அடித்துப் பார்த்தது. அது பறக்கிறதுக்கு வாகாக, வடிவு கிளையை மெள்ள விட்டாள்.