டிக்சன் பாட்டில் வரும் இருமல்

பாடகர் டிக்சனின் முப்பதாம் நாள் நினைவுக் கூட்டத்தில் யாரும் இருமக் கூடாது என்று பரமானந்தம் கறாராகச் சொல்லிவிட்டார். வெளியூர்க்காரர் யாராவது அந்தப் பங்குக் கோயில் மண்டபத்தில் இருந்திருந்தால், இதென்னடா கூத்து, கொடைக்கானல் குளிரில் இருமாமல் எப்படி இருப்பது என்று கேட்டிருப்பார். டிக்சன் ரசிகர் மன்றத்தில் அப்படிக் கேட்க ஆள் இல்லை. அவர் எந்த இருமலைச் சொல்கிறார் என்று அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

"அவரு சம்சாரம் மெட்ராஸ்லருந்து வர்றாங்க. நம்மளை மதிச்சு, இந்த வயசுல மலையேறி வர்றாங்க," என்றார் பரமானந்தம். பெரிய ஓட்டல் ஒன்றில் ரிசப்ஷனில் இருந்து ஓய்வுபெற்றவர். இன்னும் டை கட்டாமல் வெளியே வரமாட்டார். "டிக்சன் எதுல போனாரு? நெஞ்சுச் சளியில போனாரு. கடைசியில இருமி இருமியே உசுர விட்டிருக்காரு மனுசன். அந்தம்மாவை முன்னால உக்கார வச்சுக்கிட்டு நாம கூட்டமா இருமிக் காட்டுனா, அது அஞ்சலியா? அசிங்கமில்லையா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். கடைசி வரிசையில் இருந்த ஆக்ஸிலியாவும் ஆட்டினாள். ஆட்டிய பிறகுதான் அவர் எதை எடுக்கச் சொல்கிறார் என்று அவளுக்கு உறைத்தது.

இந்த இருமல் சங்கதியைச் சொல்லாமல் மேலே போக முடியாது. டிக்சன் சினிமாவில் பாடிப் பேர் வாங்கியவர் இல்லை. கோட்டு போட்டுக்கொண்டு, மைக்கை வாயோடு வைத்து, பக்கத்தில் இருப்பவரிடம் ரகசியம் சொல்கிற மாதிரி பாடுகிற ஆள். கேசட் காலத்தில் அந்தக் குரலுக்கு மயங்காத வீடு இந்த மலையில் கிடையாது. ஒரு வருஷம் கோடை விழாவுக்கு அவரைக் கூட்டிவந்து ஏரிக்குப் பக்கத்தில் மேடை போட்டார்கள். சாயங்காலம் கச்சேரி ஆரம்பித்ததும் மேகம் இறங்கிவிட்டது. முன்வரிசைக்காரனுக்குப் பாடகர் முகம் சரியாகத் தெரியவில்லை. ஆனாலும் ஒருத்தன் எழுந்திருக்கவில்லை. 'விளக்கை அணைக்க மனசில்லை' என்ற பாட்டில், 'நீ வரும் வரைக்கும்' என்று இழுத்தவர் சட்டென்று நிறுத்தினார். கையைக் காட்டி வாத்தியத்தையும் நிறுத்தினார். ஒரு சின்ன இருமல், அதன் பின்னால் நெஞ்சிலிருந்து ஒரு பெரிய இருமல். அப்புறம்தான் 'தூக்கமில்லை' வந்தது.

அன்றைக்கு மைக் செட் போட்டவன் மேடைக்குக் கீழே உட்கார்ந்து மடியில் டேப் ரிக்கார்டரை வைத்துப் பதிவு செய்திருந்தான். அந்தக் கேசட் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரதி எடுக்கப்பட்டு வில்பட்டிக்குப் போயிற்று, வடகவுஞ்சிக்குப் போயிற்று, பஸ் போகாத காலத்திலேயே கிளாவரை கிராமத்துக்கும் போயிற்று. மலை ஜனம் பாட்டைக் கற்றுக்கொண்டது அதைக் கேட்டுத்தான். கடையில் விற்ற அசல் கேசட்டில் இருமல் கிடையாது. கேட்டால் உப்பில்லாத குழம்பாக இருக்கும் இவர்களுக்கு. கல்யாண வீட்டில் ஞானவேலின் பாட்டுக் கோஷ்டி அந்தப் பாட்டை எடுத்தால் போதும், அந்த இடத்தில் மாப்பிள்ளை, பெண், சமையல்காரர், பாதிரியார் உட்பட மண்டபமே இரண்டு தரம் இருமிவிட்டுத்தான் மேலே பாடும். மதுரையிலிருந்து வந்த ஒரு சம்பந்தி, குடும்பத்துக்கே டி.பி. இருக்குமோ என்று பயந்து நிச்சயத்தைத் தள்ளி வைத்த கதையும் உண்டு.

"டிக்சன் இருமினதை நான் நேர்ல பாத்தேன். வெள்ளைக் கைக்குட்டை. நாலா மடிச்சு வாயைத் தொடச்சாரு," என்று பரமானந்தம் வருஷா வருஷம் சொல்வார். மேகத்துக்குள் கைக்குட்டையின் மடிப்பு எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்டதில்லை.

ஆக்ஸிலியாவும் கேட்டதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும், அது டிக்சனின் இருமலே இல்லை. மடியில் டேப்பை வைத்திருந்த மைக் செட்காரனின் இருமல். அவன் பெயர் அருள்மணி. அவள் புருஷன்.

கச்சேரி முடிந்து வந்த அன்றைக்கே அவன் அவளிடம் தலையில் அடித்துக்கொண்டு சொன்னான். "மொதல் பாட்டுலருந்து அடக்கி வச்சிருந்தேன் புள்ள. அவரு எதுக்கோ நிறுத்துன நேரத்துல பிச்சுக்கிட்டு வந்துருச்சு. ரிக்கார்டிங்கே போச்சு." கல்யாணமாகி மூன்றாம் மாதம், அவள் வாந்தியும் மயக்கமுமாய் வீட்டில் கிடந்தாள். கேசட்டைப் போட்டுக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மாதக் கணக்காகப் பக்கத்தில் படுத்துக் கேட்கிற இருமல்தானே அது. கொஞ்ச நாளில் ஊரே டிக்சனின் இருமலைக் கொண்டாட ஆரம்பித்தபோது, உண்மையைச் சொல்லிவிடலாமே என்றாள். அருள்மணி வேண்டாம் என்று சொல்லி, வாக்கும் வாங்கிக்கொண்டான்.

"டிக்சன் இருமல்னு நெனச்சு எல்லாரும் சந்தோசமா இருக்காங்க. என் இருமல்னு தெரிஞ்சா எவன் கேப்பான்? நீ பாட்டுக்கு உன் சோலியப் பாரு."

அந்த மார்ச்சளி அவனை விடவில்லை. கையில் எல்லோரும் செல்போன் வைத்துக்கொண்டு பேசிப் பேசி அனுப்புகிற காலம் வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டான். ஊரில் இருக்கிறவன் குரலையெல்லாம் பிடித்து வைத்த மனுஷன், தன் குரலை ஒரு கேசட்டிலும் வைக்கவில்லை. மகள் பிரின்ஸி வீட்டிலிருந்த அத்தனை டேப்பையும் போட்டுத் தேடிப் பார்த்து அழுதுவிட்டாள். இந்த உலகத்தில் அருள்மணி விட்டுப்போன சத்தம் அந்த இருமல் ஒன்றுதான். தெரியாத கல்யாணத்தில்கூட ஜனங்கள் அதை இருமும்போது ஆக்ஸிலியா கூட்டத்தோடு நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். ஊர் முழுக்க அவள் புருஷனைச் செய்துகாட்டிக்கொண்டிருந்தது, ஊருக்குத்தான் தெரியாது.

அதைத்தான் இப்போது எடுத்துவிடச் சொல்கிறார்கள்.

ஒத்திகை ஒரு வாரம் நடந்தது. டாக்ஸி ஓட்டுகிற ஞானவேல்தான் பாடினான்; குரல் கிட்டத்தட்ட டிக்சன் மாதிரியே இருக்கும். 'நீ வரும் வரைக்கும்' என்று வந்தவுடன் நிறுத்தாமல் அப்படியே 'தூக்கமில்லை'க்குப் போய்விட வேண்டும். சொல்வதற்குச் சுலபம். முதல் நாள் பாதிப் பேர் இருமினார்கள். மறுநாள் பரமானந்தம் கைநிறைய இருமல் மிட்டாய் வாங்கி வந்து ஆளுக்கொன்று வாயில் போட வைத்தார். அதற்கு மேலும் வில்பட்டி ராக்காயியின் தொண்டை கரகரத்தது.

"ஏ ராக்காயி, வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா?"

"நானா இருமுறேன்? தொண்டை தானா போகுதுங்க. கேரட் புடுங்கும்போதே அப்புடித்தான பாடுறோம்," என்றாள் ராக்காயி. "இனிமே இந்தப் பாட்டு இப்புடித்தானா? கல்யாணத்துலயுமா?"

பரமானந்தம் யோசித்தார். "ஆமா. அவரு எப்புடிப் போனாருன்னு தெரிஞ்ச பெறகு, எந்த மனசோட இருமுவீங்க? இதோட விட்டுருவோம்."

ஆக்ஸிலியா அன்று அவரோடு மேட்டுப்பாதையில் நடந்தாள். பள்ளி விடுதியின் துணி அறையில் அவளுக்கு வேலை. பிள்ளைகளின் ஸ்வெட்டர்களில் பெயர் தைக்க வேண்டியது நிறைய கிடந்தது. ஆனாலும் அவரை விட்டுப் போக மனம் வரவில்லை.

"அண்ணே, அந்த இருமலை எடுத்துட்டா அந்தப் பாட்டு பாட்டாவா இருக்கும்?"

"எனக்கு மட்டும் ஆசையா தங்கச்சி? எம் பொண்டாட்டிய நான் மொத மொதல்ல சிரிக்க வச்சதே அந்த இருமலை இருமித்தான்." அவர் டையைச் சரிசெய்தார். "அந்தம்மா மனசு நோகுமே. புருசன் இருமிச் செத்ததைப் பாத்தவங்க என்ன பாடு பட்டிருப்பாங்கன்னு உனக்குச் சொல்லணுமா?"

வாய்வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் அருள்மணிக்குக் கொடுத்த வாக்கு போகும். சொல்லி என்ன, அவர் சொல்வதும் நியாயம்தானே. அருள்மணி கடைசியாய் இருமிய சத்தம் இன்னும் அவள் காதில் இருக்கிறது. ஒரு பெண்பிள்ளைக்கு அந்தச் சத்தத்தைத் திருப்பிக் கேட்கவைக்க அவளுக்கு எப்படி மனசு வரும்? "சரிங்கண்ணே," என்று திரும்பிவிட்டாள். துணி அறைக்கு வந்து ஒரு குழந்தையின் பெயரை இன்னொரு குழந்தையின் ஸ்வெட்டரில் தைத்து, பிரித்து, மறுபடியும் தைத்தாள்.

முப்பதாம் நாள் காலைப் பூசை முடிந்து ஜனம் மண்டபத்துக்கு வந்தது. டிக்சன் படத்துக்கு ராக்காயி தோட்டத்து லில்லிப் பூவில் மாலை. டிக்சனின் மனைவி பெர்னதெத் அம்மாளை ஞானவேல் தன் காரிலேயே அழைத்துவந்திருந்தான். ஒல்லியான, வெள்ளைச் சேலை கட்டிய பெண்மணி. கொடைக்கானல்காரர்கள் போர்த்திவிட்ட சால்வைகள் போதாதென்று பரமானந்தம் தன் மப்ளரையும் கொடுத்திருந்தார். பேசியவர்கள் எல்லோரும் அழுதுகொண்டே பேசினார்கள். அந்தம்மாள் மட்டும் அழவில்லை. ஒவ்வொருவரையும் யாரையோ தேடுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் ஞானவேல் பாட்டை எடுத்தான். கூட்டம் மெல்லச் சேர்ந்துகொண்டது. ஆக்ஸிலியா பாடவில்லை. பின்னால் ஜன்னலோரம் நின்று சால்வை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தாள். இரண்டாம் சரணம் வந்தது.

'நீ வரும் வரைக்கும்...'

அவ்வளவுதான். ஒத்திகையெல்லாம் எங்கே போயிற்றோ. ஞானவேல் நின்றுவிட்டான். அவனாக நிறுத்தவில்லை, பழக்கத்தில் மூச்சு தானாக அங்கே நின்றது. மண்டபமே நின்றது. ஆனால் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு ஒருத்தர்கூட இருமவில்லை. ராக்காயி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். பரமானந்தம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். அத்தனை பேரும் அருள்மணிக்கு இடம் விட்டுக் காத்திருக்கிறார்கள், அவன்தான் வரவில்லை என்று ஆக்ஸிலியாவுக்குத் தோன்றியது. அந்த மௌனத்தை அவளால் தாங்க முடியவில்லை.

அவள் இருமினாள். ஒரு சின்ன இருமல், பின்னால் நெஞ்சிலிருந்து ஒரு பெரிய இருமல். கூட்டத்தார் வேடிக்கைக்கு இருமுகிற மாதிரி இல்லை. அச்சாக அருள்மணி இருமுகிற மாதிரியே இருந்தது.

எல்லாத் தலையும் திரும்பியது. பரமானந்தத்தின் முகம் செத்துப்போயிற்று. பெர்னதெத் அம்மாள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"இப்ப இருமினது யாரு?"

"நாந்தாங்கம்மா," என்றாள் ஆக்ஸிலியா. "மன்னிச்சுக்கங்க. வேணும்னு..."

"இங்க வாங்க." கோபம் இல்லை அந்தக் குரலில். ஆக்ஸிலியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் முன்னால் நின்றாள்.

"இந்த ஊர்க் கச்சேரியைப் பத்தி இவர் நிறைய தடவை சொல்லியிருக்கார்," என்றார் அந்தம்மாள். "மேடைக்குக் கீழ ஒரு மைக் செட்காரப் பையன் மடியில டேப்போட உக்காந்திருந்தானாம். முதல் பாட்டுலருந்து இருமலை அடக்கிட்டு இருக்கான். துண்டை வாயில வச்சுக் கடிச்சுக்கிட்டு, கண்ணுல தண்ணி வழியுதாம். இவருக்குப் பாடவே ஓடலை. இதுக்கு மேல அடக்கினா உயிர் போயிடும், இருமித் தொலைக்கட்டும்னு இதே பாட்டை இதே இடத்துல நிறுத்தி, வாத்தியத்தையும் நிறுத்தினாராம். அவன் இருமி முடிச்சான். அதுக்கப்புறம்தான் பாடினேன்னு சொல்வார். அந்தப் பையன் தலையே நிமிரலையாம், பாவம், அவனுக்காக நிறுத்தினது அவனுக்கே தெரியாது."

கைக்குட்டை, நாலு மடிப்பு என்று யாரோ பின்னால் முணுமுணுத்தார்கள். பரமானந்தம் குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரிக்கார்டிங்கே போச்சு என்று தலையில் அடித்துக்கொண்டவனை ஆக்ஸிலியா நினைத்தாள். ஊரே கேட்கக் கூடியிருந்த பாட்டு அவன் ஒருத்தனுக்காக நின்றிருக்கிறது. அது தெரியாமலே போய்விட்டானே பாவி.

"ஆஸ்பத்திரியில, ஆக்ஸிஜன் வச்சிருக்கும்போதுகூடச் சொன்னார்," என்றார் பெர்னதெத் அம்மாள். "தனக்கு இருமல் வந்ததுலருந்து அவன் ஞாபகமாவே இருந்ததாம். என்னைக்காவது கொடைக்கானல் போனா, அந்த ஆளுக்கு இருமல் சரியாயிடுச்சான்னு கேட்டுட்டு வான்னார். அதைக் கேக்கத்தான் வந்தேன். நீங்க இருமினதைக் கேட்டதும்... உங்களுக்கு அவரைத் தெரியுமா?"

"எம் புருசனுங்கம்மா."

"இருமல் சரியாயிடுச்சா?"

ஆக்ஸிலியா அந்த முகத்தைப் பார்த்தாள். தலையாட்டினாள்.

"சரியாயிருச்சுங்கம்மா. இப்பல்லாம் இருமுறதே இல்ல."

அந்தம்மாளுக்கு அது புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. ஆக்ஸிலியாவின் வெறும் கழுத்தைப் பார்த்தார், பிறகு அவள் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டார். வந்ததிலிருந்து அழாதவர் அப்போதுதான் அழுதார்.

"இவருக்கும் போன மாசம்தாம்மா சரியாச்சு," என்றார்.

ஒருவர் கையை ஒருவர் விடாமல் இருவரும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற ஞானவேலைப் பார்த்து பெர்னதெத் அம்மாள், "பாட்டைப் பாதியில விடக் கூடாது தம்பி. முதல்லருந்து பாடுங்க," என்றார். ஞானவேல் பரமானந்தத்தைப் பார்த்தான். பரமானந்தம் வாயிலிருந்த இருமல் மிட்டாயை எடுத்துக் காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு, பாடு என்று கையைக் காட்டினார்.

பாட்டு ஆரம்பமாயிற்று. இரண்டாம் சரணத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆக்ஸிலியா அந்த இடம் வரட்டும் என்று காத்திருந்தாள்.