மூன்றாவது தகடு

மின்னல் விழுந்து யானை வேலியின் மின்பெட்டி கருகியபோது எங்கள் வயல்களில் நெல் பால் பிடித்திருந்தது. அந்தக் கதிர் என்றால் யானைக்கு உயிர். பெட்டிக்குள் வைக்கும் புது மின்சுற்றுப் பலகை கொழும்பிலிருந்து வர மூன்று கிழமை ஆகும் என்றார்கள்.

"நான் செய்து தாறன்" என்றேன். மல்லாவியில் கைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை.

கமக்காரர் சங்கத் தலைவர் தயாபரன் அண்ணை சிரித்தார். "உது ஃபோனில்லை, தங்கச்சி. கொம்பனி செய்யிற சாமான்."

எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் தொடங்கினேன். கருகிய பலகையின் கோடுகளைப் பார்த்துப் பார்த்து வரைந்து, கோடுகள் மட்டும் வெளிச்சம் விடும்படி கண்ணாடித் தாளில் அச்செடுத்தேன். வெளிச்சம் பட்டால் இறுகும் நீலப் படலத்தைச் செப்புத் தகட்டில் ஒட்டி, தாளை மேலே வைத்து வெயில் காட்டினேன். பிறகு சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் கழுவினால், வெயில் படாத இடம் கரைந்து கோடு மட்டும் நிற்க வேண்டும்.

கரையவே இல்லை. இரண்டாவது தகடும் அப்படியே. மிச்சம் ஒரேயொரு தகடு. அண்ணையின் சிரிப்பு காதுக்குள் கேட்டது, அழுகை வந்தது.

தேத்தண்ணீர் வைக்கக் குசினிக்குப் போனேன். கேத்திலின் அடியில் வெள்ளையாகக் கல் படிந்திருந்தது, எங்கள் கிணற்றுத் தண்ணீரின் வேலை. சோடாவைப் போட்டதும் அந்தத் தண்ணீர் கலங்கியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சோடாவின் பலத்தைத் தண்ணீரின் சுண்ணாம்பு தின்றுவிட்டது. பிறந்தது முதல் குடிக்கிற தண்ணீர் என்பதால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. மடைச்சி என்று என்னையே ஏசினேன்.

தகரக் கூரையிலிருந்து வழிந்த மழைத்தண்ணீர் வாளி நிறைய இருந்தது. அதில் சோடாவைக் கரைத்து, வெயில் காட்டிய மூன்றாவது தகட்டைக் கழுவினேன். நீலம் கரைந்தது. கோடுகள் தலைமயிர் மாதிரி மெல்லியதாய், ஒன்றோடொன்று முட்டாமல் நின்றன. மிச்சச் செம்பை அரிக்கும் கரைசலில் போட்டு எடுத்து, பாகங்களைப் பற்றவைத்தேன்.

அன்று பின்னேரம் வேலிக்கு உயிர் வந்தது. காலையில் எல்லோரும் ஓடிப்போய்ப் பார்த்தோம். யானைக் காலடிகள் வேலிவரை வந்து, திரும்பிக் காட்டுக்குள் போயிருந்தன. ஒரு கதிரும் முறியவில்லை.

"உண்மையைச் சொல்லு, தங்கச்சி. உந்தப் பலகையை எங்க வாங்கினனீ?" என்றார் அண்ணை.

பெட்டியைத் திறந்து காட்டினேன். பழைய பலகையில் கொம்பனியின் பெயர் இருந்த அதே மூலையை, புதுப் பலகையில் அவர் குனிந்து பார்த்தார். செப்பெழுத்து மினுங்கியது.

"சிவதர்சினி, மல்லாவி" என்று மெல்ல வாசித்தார்.

"எல்லாருக்கும் கேக்கிற மாதிரி இன்னொருக்கா வாசியுங்கோ, அண்ணை" என்றேன்.

வாசித்தார்.