மூன்றாவது ஓட்டை

பாடுகிறவர் அடுத்த மலைக்கு நடந்து போவதுபோல் குரல் தேய்ந்து தேய்ந்து நின்றது. ரேடியோவின் டயல் விளக்கும் செத்தது. ராகலை டவுனில் பெட்டரியை சாஜ் பண்ணிக் கொண்டுவந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை. இது மூன்றாம் தடவை.

"ஒங்க ரேடியோ இன்னைக்கும் பட்டினியா?" என்று சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராவிலிருந்து காளியாயி அக்கா கேட்டாள்.

அம்மா ரேடியோவின் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். வரும் ஞாயிறு மாலை நாலு மணிக்கு என் அக்கா சிசிலி ரேடியோவில் பாடப் போகிறாள். கொழும்பில் கன்னியர் மடத்துச் சமையலறைக்கு வேலைக்குப் போனவள், அங்கே பாட்டுக் குழுவிலும் சேர்ந்துவிட்டாள். அம்மா அவள் குரலைக் கேட்டு இரண்டு வருஷம். கடிதம் வந்த அன்றே பீலியடியில் தண்ணீர் பிடிக்க நின்ற அத்தனை பேருக்கும் சொல்லி முடித்தாயிற்று. எங்கள் லயத்து வீடுகளில் ரேடியோ எங்களிடம் மட்டும்தான்.

அப்பா தேயிலைத் தோட்டத்து லொறி டிரைவர். பெட்டரி முனைகளைச் சுடுதண்ணீரில் தேய்த்தார், வயரை இறுக்கினார், பலனில்லை. மறுபடி ராகலைக்குக் கொண்டுபோனார். சாஜ் கடைக்காரர் கணேசமூர்த்தி இந்த முறை உடனே திருப்பித் தரவில்லை. முழுக்க சாஜ் ஏற்றி, தானாக இறங்குகிறதா என்று பார்க்க, எதிலும் மாட்டாமல் இரண்டு நாள் சும்மா வைத்தார்.

வியாழக்கிழமை அம்மா என்னையும் லொறியில் ஏற்றிவிட்டாள். "அப்பா சொல்றத நம்ப முடியாது. நீ பாத்துட்டு வா."

நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கணேசமூர்த்தி பெட்டரியின் மேலிருந்த மூன்று மூடிகளையும் கழற்றி, ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடிக் குழாயால் அசிட்டை உறிஞ்சினார். முதல் ஓட்டையில் குழாய்க்குள்ளிருந்த மிதவை நிமிர்ந்து நின்றது. இரண்டாவதிலும் நின்றது. மூன்றாவதில் அடியில் போய் உட்கார்ந்தது.

"இவன்தான் சாஜைத் திங்கிற களவாணி. சாஜ் ஏறுறப்ப இதுல மட்டும் ஆஸ்பத்திரி கழுவுற மருந்து வாசம் அடிச்சிச்சு. உப்பு பட்டாத்தான் அப்பிடி வரும். என்னண்ணே ஊத்துனீங்க?"

"பெட்டரிக்குன்னு ஒன்கிட்ட வாங்குன போத்தல் தண்ணி தவிர ஒரு சொட்டு ஊத்தல."

ஊற்றியது யார் என்று எனக்குத் தெரியும். வெறும் தண்ணீர்தானே என்று நான் பேசாமல் இருந்துவிட்டேன். இப்போதுதான், மாதா கோயிலில் சாமியார் மந்திரிக்கும்போது தட்டிலிருந்து உப்பை அள்ளித் தண்ணீரில் போடுவது நினைவுக்கு வந்தது. சொன்னால் அம்மாவுக்கு வெட்கம். சொல்லாவிட்டால் சிசிலி இல்லை. என் கால்விரல்களைப் பார்த்துச் சொன்னேன்.

"தீர்த்தம். ரேடியோ நிக்காமப் பாடணும்னு அம்மா ஊத்துனாங்க. அதுல உப்பு இருக்கு."

கணேசமூர்த்தி சிரித்த சிரிப்பில் அங்கே கிடந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். "தப்பிச்சீங்கண்ணே! எங்க வீட்டுப் பொம்பளைங்கன்னா பாலாபிஷேகமே பண்ணிருப்பாங்க!"

அசிட்டைக் கொட்டி, போத்தல் தண்ணீரால் மூன்று முறை அலசி, புது அசிட் விட்டார். "உப்பு தகட்ட இன்னும் திங்கல. சனிக்கிழம வாங்க. ஞாயிறு தாங்கும். அப்புறம் சாமி விட்ட வழி."

"சாமி விட்ட வழியிலதாண்டா இங்க நிக்கிறேன்" என்றார் அப்பா.

வீட்டில் அம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "அந்த ஒரு மூடிதாங்க லூசா இருந்திச்சு. மத்தது கையால தொறக்க வரல."

"பிதாவும் சுதனும் தப்பிச்சாங்க, பரிசுத்த ஆவிதான் மாட்டிக்கிட்டாரு" என்றார் அப்பா. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டே சிரித்தாள்.

ஞாயிறு நாலு மணிக்கு வாசலில் தண்ணீர் ஓடும் கான்வரை ஆள். பாட்டு தொடங்கியது. முப்பது குரல். எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் கேட்டது.

"அந்தா! மத்தவுங்க எடுக்குமுன்ன எடுக்குறா பாருங்க, அவசரக்காரி!" என்று அம்மா கத்தினாள். ஆமாம், அரை மூச்சு முந்திக்கொண்டு ஒரு குரல்.

"நம்ம சிசிலியேதான்!" என்றாள் காளியாயி அக்கா.

அம்மாவின் கை தானாகச் சுவரில் தொங்கிய தீர்த்தப் போத்தலுக்குப் போனது. அப்பா பாய்ந்து இரண்டு கைகளையும் விரித்துப் பெட்டரியை மூடிக்கொண்டார். அம்மா அவரைப் பார்க்கவேயில்லை. விரலை நனைத்து என் உதட்டில் சிலுவை போட்டாள். உப்புக் கரித்தது. டயல் விளக்கு எலுமிச்சம்பழ நிறத்தில் எரிந்துகொண்டிருந்தது.