மணல் நிரப்பிய கால்சட்டை

"அறுத்து எறிடா அதை! என் கண்ணு முன்னாலயே அறு!"

"முடியாது. வேணும்னா நீயே பல்லால கடிச்சு எடு."

"யாரைக் கேட்டுடா என் பட்டறைக்குள்ள கரண்ட் வெல்டிங் வெச்சே? அறுபத்திரண்டுல நம்மகிட்ட இருந்துச்சாடா அது?"

"அறுபத்திரண்டுல உனக்குத் தலையில முடிகூடத்தான் இருந்துச்சு. அதையும் ஒட்டிக்கிட்டு வாயேன்!"

இதற்குப் பிறகுதான் ஸ்பானர் பறந்தது. ரூடி அராம்புலாவின் காதுக்கு ஒரு மயிரிழை தள்ளிப் போய், பந்தய வண்டியின் அலுமினிய மூக்கில் 'டங்'கென்று விழுந்தது. அந்த மூக்கு, வாதுமைக் கட்டையையும் மணல் மூட்டையையும் வைத்துக்கொண்டு, மரச் சுத்தியால் நாடின் கோடை முழுக்கத் தட்டித் தட்டி வளைத்தது. நெளிவைப் பார்த்ததும் அவள் அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டாள். யார் காதில் விழுந்தது? அதற்குள் அவள் அண்ணன் வெர்ல் டேக்கட் ரூடியின் இடுப்பில் தலையைக் கொடுத்து முட்டி, ரெண்டு பேரும் கேஸ் சிலிண்டர்களுக்கு நடுவே உருண்டுகொண்டிருந்தார்கள். அறுபதை நெருங்கிய ஆம்பளைகள். ஒருத்தனுக்கு முட்டிவலி, இன்னொருத்தனுக்கு ரத்தக்கொதிப்பு. ஆனால் குத்து மட்டும் இளமை மாறாமல் விழுந்தது. ரூடியின் உதடு கிழிந்தது. வெர்லின் மூக்கிலிருந்து ரத்தம் சட்டைப் பையில் இருந்த சிகரெட் பாக்கெட் வரைக்கும் வழிந்தது.

நாடின் தோட்டத்துக் குழாயை இழுத்து வந்து ரெண்டு பேர் முகத்திலும் பீய்ச்சி அடித்தாள். கிழட்டு நாய்களைப் பிரிக்க அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

ஆயில்டேல் எண்ணெய்க் கிணறுகளை நம்பிய சின்ன ஊர். ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டு வருகிற ஊர்க்காரர்கள் டேக்கட் வீட்டு வாசலில் கொஞ்சம் மெதுவாகத்தான் நடப்பார்கள். பக்கத்து வீட்டு வாண்டா பர்டிக்கு நடக்கிற சிரமம்கூட இல்லை. வேலியோரம் துணி உலர்த்த நின்றாலே போதும். அந்த வருஷம் உலகத்திலேயே சுத்தமான துணி வாண்டாவுடையதாகத்தான் இருந்திருக்கும்.

விஷயம் இதுதான். டேக்கட் வீட்டு மூத்த பிள்ளை டெல்மர் அறுபத்திரண்டில், நேர்கோட்டில் கால் மைல் பாயும் கார்ப் பந்தயம் ஓட்டினான். அந்த வண்டியைத் தம்பி வெர்லும் அவன் கூட்டாளி ரூடியும் சேர்ந்துதான் கட்டினார்கள். நீளமான இரும்புக் குழாய்ச் சட்டம், முன்னால் சைக்கிள் சக்கரம் மாதிரி ரெண்டு, பின்னால் தடியாய் ரெண்டு. ஓட்டுகிறவன் பின்சக்கர அச்சுக்கும் பின்னால் உட்கார்ந்து, காலை ரெண்டு பக்கமும் முன்னே நீட்டிக்கொள்ள வேண்டும். கிளட்ச் சரியாகக் கணுக்காலுக்கு நடுவில் சுழலும். ஒரு மத்தியானம் கிளம்பிய வேகத்திலேயே கிளட்சோடு சேர்ந்து சுழலும் கனத்த சக்கரமான ஃபிளைவீல் வெடித்து, டெல்மரின் ரெண்டு பாதத்தையும் அறுத்துக்கொண்டு போனது. ஆம்புலன்ஸ் வண்டியைத் திருப்புவதற்குள் அவன் ரத்தமெல்லாம் ஓடுதளத்தில் இறங்கிவிட்டது.

அப்பா டேக்கட் அன்றைக்கே வண்டியை எண்ணெய்க் குழி ஒன்றில் தள்ளி மண் போட்டு மூடிவிட்டார். எதனால் வெடித்தது என்று யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. ஃபிளைவீலை மாட்டி போல்ட்டு முடுக்கியவன் ரூடி. "ராத்திரி பீர் குடிச்சிட்டு வந்து முடுக்கினான், போல்ட்டு கழண்டு என் அண்ணன் செத்தான்" என்று வெர்ல் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சொன்னான். அப்புறம் முப்பது சொச்ச வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்தான். ரூடி மறுத்து ஒரு வார்த்தை பேசியதில்லை. தானே அப்படித்தான் நம்பியிருப்பான் போல.

இதில் சீரழிந்தது நாடின். அப்போது அவளுக்கும் ரூடிக்கும் நிச்சயமாகாத குறைதான். அண்ணனைக் கொன்றவனை எப்படிக் கட்டுவது? எண்ணெய்க் கம்பெனி ஹாய்ட்டைக் கட்டிக்கொண்டாள், அவனையும் புதைத்தாள். ரூடி கட்டிக்கொள்ளவே இல்லை. இப்போது ரெண்டு பேரும் வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரே மேஜையில் பீன்ஸும் ஊறுகாய் போட்ட மாட்டு நாக்கும் சாப்பிடுகிறார்கள். கல்யாணப் பேச்சு எடுத்தால் ரூடி, "வெர்ல் அவன் வாயால சரின்னு சொல்லட்டும்" என்பான். தலை நரைத்த விதவைக்கு அண்ணன் சம்மதம் கேட்கிற மாப்பிள்ளையை ஆயில்டேல் அதற்குமுன் பார்த்ததில்லை.

வெர்ல் போட்ட நிபந்தனைதான் இந்த வண்டி. "அதே வண்டியைத் திரும்பக் கட்டுவோம். அதே குழாய், அதே கேஸ் வெல்டிங், அதே சாமான். அப்ப கையில என்ன இருந்துச்சோ அதை வெச்சுத்தான். போல்ட்டு நீ முடுக்கு. நீயே உட்கார்ந்து கால் மைல் ஓட்டு. உன் கால் உன்கிட்டயே இருந்துச்சுன்னா, நான் சொன்னது பொய்யின்னு உன் கல்யாணத்துல எந்திரிச்சு நின்னு சொல்றேன்." ரூடியும் சரி என்று கையைக் கொடுத்துவிட்டான். ஆம்பளைகளின் மூளை எங்கே இருக்கிறது என்று நாடின் அன்றைக்கே வாண்டாவிடம் கேட்டாள். வாண்டா சொன்ன பதிலை எழுத முடியாது.

ரூடி செய்த தப்பு, அன்றைய சண்டைக்குக் காரணம், கிளட்சுக்கு மேலே யாருக்கும் தெரியாமல் ஒரு தடித்த இரும்புப் பட்டையைக் கரண்ட் வெல்டிங்கில் ஒட்டி வைத்தது.

வெர்ல் ஈரத்தோடு எழுந்து உட்கார்ந்தான். "போல்ட்டை நீ ஒழுங்கா முடுக்கியிருந்தா உனக்கு எதுக்குடா கவசம்? பயமா?"

ரூடி எழுந்தான். ரம்பத்தை எடுத்தான். உதட்டிலிருந்து ரத்தம் சொட்டச் சொட்டத் தன் கையாலேயே அந்தப் பட்டையை அறுத்துக் கீழே போட்டான்.

"நீயும் முட்டாள்தான்" என்றாள் நாடின்.

"தெரியும்."

வெர்லுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மூக்கில் துணியை அடைத்துக்கொண்டு, பொமோனா பழைய சாமான் சந்தையில் தேடிப் பிடித்த வார்ப்பிரும்பு ஃபிளைவீலைத் தூக்கி லேத்தில் மாட்டினான். அவன் கடைசல் பிடிக்க ஆரம்பித்ததும் கறுப்புப் பொடி புகையாய்ப் பறந்து அவன் ரத்தத்தில் ஒட்டியது. நாடின் தன் மூக்குத் தகட்டின் நெளிவைத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தாள். பொடி நிற்காமல் கொட்டுவதைப் பார்த்துச் சுத்தியை நிறுத்தினாள்.

"என்ன பண்றே வெர்ல்?"

"எடை குறைக்கிறேன். சக்கரம் இளைச்சா வண்டி சட்டுனு எகிறும்."

"அன்னைக்கும் சீவினியா?"

"பின்ன? டெல்மர் எல்லாரையும் முந்திக்கிட்டுக் கிளம்பினது அவன் அழகுக்குன்னு நெனச்சியா?" பெருமையில் அவன் நெஞ்சு விம்மியது. "யாருக்கும் தெரியாது. இந்தப் பயலுக்கும் சொல்லல. எண்ணெய் தடவி, துணி சுத்தித்தான் கையில குடுத்தேன். பந்தயத்துல ரகசியம்னா ரகசியம்."

தன் வேகத்தின் சூட்சுமத்தைக் கூட்டாளிக்கும் சொல்லாதது அந்தப் பந்தயக்காரர்களின் பிறவிக் குணம். செத்தாலும் சொல்ல மாட்டார்கள். வெர்ல் வேறொருத்தன் செத்தும் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். லேத் சுற்றிக்கொண்டே இருந்தது. தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு மட்டும்தான் புரியவில்லை.

"நான் மாட்டினது சீவின சக்கரமா?" என்றான் ரூடி. குரல் எங்கேயோ கிணற்றிலிருந்து வந்தது.

"அதுக்கென்ன? எல்லாரும்தான் சீவினாங்க. வெடிச்சது உன் போல்ட்டால."

"சரி. நான் உட்கார்றேன். ஓட்டிப் பார்த்துடுவோம்."

நாடின் ரூடியைத்தான் அறைந்தாள், வெர்லை அல்ல. கிழிந்த உதடு இன்னும் கிழிந்தது. "நீ உட்கார்ந்தா உன்னையும் நான்தான் புதைக்கணும். ரெண்டு போதும் எனக்கு." அப்புறம் அண்ணன் பக்கம் திரும்பினாள். "வண்டியில ஆள் ஏறாது. உன் கால்சட்டை ஏறும். போல்ட்டை இந்தத் தடவை நீ முடுக்கு."

"நானா?"

"ஏன், பயமா?"

அவன் சொல்லே அவன் முகத்தில் வந்து விழுந்ததும், வெர்லால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

சனிக்கிழமை வெயிலில் டேக்கட் வீட்டுக் கொல்லை திருவிழாவாக இருந்தது. வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிக் கட்டையில் நிறுத்தி, சட்டத்தை எண்ணெய்க் குழாய்க் கம்பத்தோடு சங்கிலியால் பிணைத்தார்கள். நாடின் தகடு வளைக்கத் தான் வைத்திருந்த மணல் மூட்டையையே அறுத்து வெர்லின் வேலைக் கால்சட்டைக்குள் கொட்டினாள். கீழே அவனுடைய பூட்ஸையும் கோத்துக் கட்டி, இருக்கையில் வைத்து வார் போட்டாள். கால்கள் டெல்மர் நீட்டிய மாதிரியே நீண்டன. வெர்ல் ஒவ்வொரு போல்ட்டையும் முடுக்கி, மறுபடி முடுக்கி, கழலாமலிருக்கக் கம்பியைத் திருகிக் கட்டினான். ரூடியைச் சாமான் பக்கமே விடவில்லை.

எஞ்சினை முன்னாலிருந்து மோட்டார் வைத்துச் சுழற்றினார்கள்.

"அந்தக் காலத்துல வண்டியைத் தள்ளித்தான் கிளப்புவோம்" என்று வெர்ல் முணுமுணுத்தான்.

"பொம்மைக்கு வருஷமெல்லாம் தெரியாது. விடு" என்றாள் நாடின்.

எஞ்சின் பிடித்தது. நைட்ரோ எரிபொருள் புகையில் தெருவே கண்ணைக் கசக்கியது. செங்கல் சுவருக்குப் பின்னால் குந்தியபடி நாடின் எஞ்சின் வேகத்தைக் கூட்டும் கயிற்றை இழுத்தாள். சத்தம் காதுக்குள் போகாமல் நேராக எலும்புக்குள் போனது. இன்னும் இழுத்தாள்.

வெடித்தது.

அந்த வெடியில் எஞ்சின் சட்டத்தை விட்டு எகிறிக் குப்புற விழுந்தது. நாடின் கோடை முழுக்கத் தட்டிய மூக்கு கசங்கிய காகிதமாகப் பறந்தது. இரும்புத் துண்டு ஒன்று பட்டறைக் கூரையைக் கிழித்தது. இன்னொன்று வேலியைத் தாண்டி வாண்டாவின் கூரைமேல் இருந்து வீட்டைக் குளிர வைக்கும் தண்ணீர்க் குளிர்பெட்டிக்குள் நுழைந்து, தண்ணீரோடு சேர்ந்து அவள் சாப்பாட்டு மேஜையில் வந்து விழுந்தது. வாண்டா அலறிய அலறலில் எஞ்சின் சத்தமே தோற்றது.

புகை விலகியதும் எல்லாரும் இருக்கையைத்தான் பார்த்தார்கள். கால்சட்டை இருந்தது. முழங்காலுக்குக் கீழே இல்லை. அறுந்த இடத்திலிருந்து மணல் சரசரவென்று, அவசரமே இல்லாமல் கொட்டிக்கொண்டிருந்தது.

வெர்ல் அதைப் பார்த்தான். அடுத்த நொடி ரூடியின் கழுத்தில் பாய்ந்தான். "நீதான்! ஏதோ பண்ணிட்டே! நீதான் ஏதோ பண்ணிட்டே!" ரூடி கையைக்கூடத் தூக்கவில்லை. அவன் முகம் கறுத்தது, நாக்கு வெளியே வந்தது, தன் கழுத்தை நெரிக்கிறவனையே பார்த்துக்கொண்டு நின்றான். நாடின் மரச் சுத்தியை எடுத்து அண்ணனின் தோள்பட்டையில் ஓங்கி ஒரே போடு போட்டாள். காறை எலும்பு முறிகிற சத்தம் வேலிக்கு அந்தப் பக்கமும் கேட்டது.

அவன் தரையில் புரண்டான். அவள் அவன் சட்டையைப் பிடித்து எஞ்சின் பக்கம் இழுத்துப் போனாள். "பாரு. நல்லாப் பாரு."

சக்கரத்தின் நடுத்துண்டு இன்னும் எஞ்சினில் இருந்தது. ஒரு போல்ட்டுகூட அசையவில்லை. வெர்ல் கட்டிய கம்பிகூட அறுந்திருக்கவில்லை. விளிம்பு முழுக்க, அவன் சீவிய இடத்தோடு, பிஸ்கோத்து மாதிரி உடைந்து போயிருந்தது.

"போல்ட்டை யாரு முடுக்கினது?"

"நாடின், தோளு..."

"யாரு முடுக்கினது?"

"நான்."

"சத்தமா!"

"நான்தான்! சீவினதும் நான்தான்!" என்று கத்தினான் வெர்ல். தெரு முழுக்கக் கேட்டது. அப்புறம் முகத்தை மண்ணில் வைத்துக்கொண்டு, கேட்டும் கேட்காத குரலில், "டெல்மர்தான் கேட்டான். இன்னும் கொஞ்சம் சீவு, இன்னும் கொஞ்சம்னு அவன்தான் கேட்டான்" என்றான்.

ரூடி தள்ளாடிப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். கழுத்தில் பத்து விரலும் பதிந்திருந்தது. "என்கிட்ட சொல்லியிருக்கலாம்டா" என்றான். வெர்ல் இருக்கைப் பக்கம் ஊர்ந்து போனான். நல்ல கையால் மணலை அள்ளி அள்ளிக் கால்சட்டைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தான். அது அள்ள அள்ளக் கீழே கொட்டியது.

நாடினும் ரூடியும் அந்த இலையுதிர்காலத்திலேயே கல்யாணம் செய்துகொண்டார்கள். ரூடி கழுத்துக் காயம் தெரியாமலிருக்கப் பட்டன் போட்ட காலர் அணிந்திருந்தான், எல்லாருக்கும் தெரிந்தது. சொன்னபடி வெர்ல் கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டபடி எழுந்து நின்றான், வாயைத் திறந்தான், ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டான். நாடின் அதையே கணக்கில் எடுத்துக்கொண்டாள். வண்டியை அவர்கள் திரும்பக் கட்டவில்லை. ஊறுகாய் நாக்கை மட்டும் விடவில்லை.

ஒற்றைக் கையோடு வாண்டாவின் குளிர்பெட்டியைச் சரிபண்ணப் போன வெர்ல், அதைச் சரிபண்ணவே மூன்று மாசம் எடுத்துக்கொண்டான். ஒரு சின்னப் பெட்டிக்கு அவ்வளவு நாள் எதற்கு என்று தெருவில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்ல வேண்டிய வாண்டாவே அவன் பக்கம் சேர்ந்துவிட்டாள். ரீனோவுக்குப் போய்க் கல்யாணம் கட்டிக்கொண்டு, அந்த ஊர் இருக்கிற நெவாடாவிலேயே தங்கிவிட்டார்கள். லேத்தை அவன் எடுத்துப் போகவில்லை. மேஜையில் விழுந்த அந்த இரும்புத் துண்டை மட்டும் வாண்டா தன் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுபோனாள். இப்போது அவர்கள் வீட்டுக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுப்பது அதுதானாம்.