தடிச்சியின் முதுகில் பவுடர்

காலையில் வந்ததும் தடிச்சியின் கழிவைப் பிரித்துப் பார்ப்பதுதான் ஜிந்தனாவின் முதல் வேலை. தொட்டியின் அடியில் கிடப்பதைச் சல்லடைக் கரண்டியால் அள்ளி, வெள்ளைத் தட்டில் கொட்டி, விரலால் கிளறிக் கிளறிப் பார்ப்பாள். முதல் மூன்று மாதத்தில் அதில் வராத பொருள் இல்லை. பால் பாக்கெட்டின் மூலை, நைலான் கயிறு, வெடித்த பலூன், ஒருநாள் ஒரு செருப்பு வார். எல்லாவற்றையும் அலசி டாக்டர் விமோனின் மேசையில் கொண்டுபோய் வைப்பாள். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, அதே தொட்டி விளிம்பில் உட்கார்ந்து ஒட்டுச்சோறும் பொரித்த கோழியும் சாப்பிடுவாள்.

தடிச்சி ஒரு பேராமை. பதினான்கு மாதங்களுக்கு முன், அறுந்து மிதந்த வலையொன்று சுற்றி, இடது முன்துடுப்பு அழுகித் தொங்க, பாக் ஹின் கிராமத்துக் கரையில் ஒதுங்கியது. டாக்டர் அந்தத் துடுப்பை வெட்டி எடுத்தார். வெட்டிய இடத்தில் சீழ் கட்டியது, புழு வைத்தது. அந்த நாற்றம் தாங்காமல் ஊழியர்கள் இரண்டு பேர் வேலையை விட்டே ஓடிப்போனார்கள். ஜிந்தனா மட்டும் தினமும் தொட்டிக்குள் இறங்கி, புழுவைப் பொறுக்கி, சீழை வழித்து, கணவாய் மீனை அரைத்துக் குழாய் வழியே ஊட்டினாள். "தின்னுடி தடிச்சி. ஒங்கப்பனா வந்து வாங்கிக் குடுக்கப் போறான்?" என்று திட்டிக்கொண்டே ஊட்டுவாள். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஒருநாளும் அவளுக்குக் குமட்டியதில்லை.

இப்போது தடிச்சி மூன்று துடுப்போடு நேராக நீந்துகிறது. வெட்டிய இடத்தில் புதுத்தோல் மூடிவிட்டது. மெல்லிய தோல், நகம் பட்டால் கிழியும். காற்று திரும்புவதற்குள், பத்தாம் தேதி விடிகாலை நீரேற்றத்தில், கூட்டம் இல்லாமல் கடலில் விட வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார்.

ஆமை மீட்பு நிலையத்தின் தலைவர் பிரசோங் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"பதினஞ்சாம் தேதி சாயங்காலம் விடுவோம்."

"பத்தாம் தேதின்னுல்ல டாக்டரம்மா எழுதியிருக்காங்க?" என்றாள் ஜிந்தனா.

"பதினாறாம் தேதி லாட்டரிக் குலுக்கல். மொத நாள் விட்டா ஜனங்க நாலு பேரு வந்து கும்பிட்டுட்டுப் போவாங்க. அவங்களுக்கும் ஒரு ஆசை இருக்குமில்ல?"

"நாம ஆமைய விடறோமா சார், இல்ல சீட்டு விக்கறோமா?"

"ரெண்டுக்கும் ஒரே புண்ணியந்தான்னு வெச்சுக்கயேன்," என்று பல்லைக் காட்டினார் பிரசோங்.

எல்லாம் போன தடவை செய்த கூத்து. மூன்று மாதம் முன்பு ஒரு சின்ன ஆமையை விட்டார்கள். அதன் துடுப்பில் அடித்திருந்த அடையாள வில்லையின் கடைசி இரண்டு எண்ணும் அந்த முறை லாட்டரியில் அப்படியே வந்து தொலைத்தது. அதிலிருந்து ஊருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. மீன் வெட்டிய கையைக்கூடக் கழுவாமல் வந்து தொட்டியை எட்டிப் பார்த்தார்கள். ஆமைக்கு அடிபட்டதா, தின்றதா, பிழைக்குமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. ஆமை எந்தப் பக்கம் திரும்பியது, எத்தனை முறை மூச்சு விட்டது என்றுதான் கேட்டார்கள். புழு வைத்த புண்ணைக் கிளறும்போது வராத அருவருப்பு அந்த முகங்களைப் பார்க்கும்போது ஜிந்தனாவுக்கு வந்தது.

பதினைந்தாம் தேதி சாயங்காலம் கடற்கரையில் எள் போட்டால் எள் விழாது. ஊதுவத்திப் புகை கண்ணைக் கரித்தது. மணலில் ஒரு தார்ப்பாயை விரித்து, அதன் மேல் தடிச்சியைக் கிடத்தியிருந்தார்கள். அதன் முகத்துக்கு நேரே, சாமிக்குப் படைப்பது போல, சிவப்புக் கலர் பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் உறிஞ்சுகுழல் செருகி, வரிசையாக நட்டு வைத்திருந்தார்கள். பாட்டிலில் எறும்பு ஏறி, அங்கிருந்து ஆமையின் கண்ணுக்கு ஏறியது.

ஆமையை அசையாமல் பிடித்துக்கொள்வது ஜிந்தனாவின் வேலை. அவள் கை தலையில் இருந்தால்தான் தடிச்சி அடங்கிக் கிடக்கும். இது பிரசோங்குக்கு நன்றாகத் தெரியும்.

முதலில் வந்தது ஜரூன், அவளுடைய அக்காள் புருஷன். படகு வைத்திருக்கிறார், வயிறும் வைத்திருக்கிறார். கையில் பெரிய பவுடர் டப்பா.

"ஏ கொழுந்தியா, கொஞ்சம் நகரு. முதுக மறைக்காத."

"மெதுவா அத்தான். அது மூச்சு விடணும்."

"விடட்டும், யாரு வேணாம்னா?" என்றவர் டப்பாவைக் கவிழ்த்தார். முதுகெல்லாம் பவுடர். அதன் மேல் உள்ளங்கையை வைத்து வட்டம் வட்டமாகத் தேய்த்தார். ஊர் வழக்கப்படி மரத்திலும் பாறையிலும் பவுடர் தேய்த்து லாட்டரி எண் தேடுவது போல ஓட்டின் கோடுகளில் எண் தேடினார். "அஞ்சு மாதிரி தெரியுது. இல்ல, மூணா? பவுடர் ஒட்ட மாட்டேங்குது." தொண்டையைக் காறி ஓட்டின் மேல் துப்பினார். எச்சிலில் பவுடரைக் குழைத்து மறுபடி தேய்த்தார்.

அவ்வளவுதான், எல்லோருக்கும் வழி தெரிந்துவிட்டது. ஆளாளுக்குத் துப்பினார்கள். வியர்வையும் எச்சிலும் பவுடரும் சேர்ந்து சந்தனம் போல வழிந்தது. யாரோ ஒரு கிழவர் தலையில் தங்க ரேக்கு ஒட்டினார். தடிச்சி புஸ்ஸென்று மூச்சு விட்டதும், "ஒண்ணு!" என்று ஐம்பது பேர் ஒரே குரலில் கத்தினார்கள். அதன் கண்ணீரில் பவுடர் ஒட்டிக் கண் பிசுபிசுத்தது. ஜிந்தனா வாளி நீரை எடுத்து ஊற்றப் போனாள்.

"ஊத்தாத, ஊத்தாத! நம்பர் அழிஞ்சுடும்!" என்று யாரோ வாளியைப் பிடுங்கினார்கள்.

பாங்காக்கிலிருந்து காரில் வந்திருந்த ஒரு பெண், நீள நீளமாக நகம் வளர்த்தவள், துடுப்பு வெட்டிய இடத்துக்கே வந்துவிட்டாள். "இங்க பாருங்க, தழும்புலயே எழுதியிருக்கு" என்று நகத்தால் சுரண்டினாள். புதுத்தோல் கிழிந்து ஒரு சொட்டு இரத்தம் வந்தது. "ஆ, சிவப்புல நாலு!" என்றாள் அவள், வாயெல்லாம் பல்லாக.

பதினான்கு மாதம் ஜிந்தனா பொத்திப் பொத்தி வளர்த்த தோல். தடிச்சியோ அப்போதும் அசையவில்லை, அவள் கை தலையில் இருக்கிறதே என்று நம்பிக் கிடந்தது. சீ, நானும் இவர்களில் ஒருத்திதான், என் கைதான் இதைப் பிடித்து வைத்துக் கொடுக்கிறது என்று தோன்றியபோது அவளுக்குத் தன் கையே அசிங்கமாக இருந்தது.

அவள் கையை எடுத்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, தலையை ஒரு ஆட்டு ஆட்டி, பெருங்குரலில் கத்தினாள்.

"சொல்லிட்டா! தடிச்சி எங்கிட்டச் சொல்லிட்டா!"

கூட்டம் அப்படியே நின்றது.

"நேத்து மத்தியானம் தொட்டி ஓரமா கண்ணசந்தேன். கனவுல வந்தா. பச்சைப் பட்டு உடுத்திக்கிட்டு, ஒத்தைக் கையோட. அறுபத்திரெண்டுன்னு சொன்னா!"

ஜரூன் மெதுவாகப் பவுடர் டப்பாவை மூடினார். திடீரென்று ஓடினார். அவர் பின்னால் கடற்கரையே ஓடியது. வாதுமை மரத்தடியில் லாட்டரிச் சீட்டுத் தட்டோடு உட்கார்ந்திருந்தவளிடம் அறுபத்திரெண்டில் முடிவது இரண்டே இரண்டு சீட்டுதான் இருந்தது. அதற்கு அடிதடி நடந்தது. மற்றவர்கள் மோட்டார் சைக்கிளைக் கிளப்பிக்கொண்டு சந்தைக்குப் பறந்தார்கள். பாங்காக் பெண் ஒரு செருப்பை விட்டுவிட்டுக் காரில் ஏறினாள். பிரசோங், "ஒரு அவசர போன்" என்று முணுமுணுத்துவிட்டு அவர்களுக்குப் பின்னாலேயே போனார். ஆமையை வண்டியில் ஏற்றி வந்தவனையும் காணோம்.

மிஞ்சியது டாக்டர் விமோனும் ஜிந்தனாவும் ஆமையும்தான். இரண்டு பேரும் தார்ப்பாயின் நுனியைப் பிடித்து, அங்குலம் அங்குலமாக நீர் விளிம்புக்கு இழுத்தார்கள். ஜிந்தனா கடல்நீரை அள்ளி அள்ளி ஊற்றிப் பவுடரையும் எச்சிலையும் கழுவினாள். தங்க ரேக்கைக் கிள்ளி எறிந்தாள். கண்ணைத் தன் சட்டை நுனியால் துடைத்துவிட்டாள்.

"போடி. திரும்பி வந்தே, தொடையப் பழுக்க வெச்சுடுவேன்."

முதல் அலை தொட்டதும் தடிச்சி கழுத்தை நீட்டியது. இரண்டாவது அலை அதைத் தூக்கியது. மூன்று துடுப்பையும் அடித்துக்கொண்டு போனது. தூரத்தில் ஒருமுறை தலை தெரிந்தது, பிறகு வெறும் கடல். ஜிந்தனா முழங்கால் நீரில் நின்று விக்கி விக்கி அழுதாள். அவ்வளவு சந்தோஷம்.

"நெஜமாவே கனவு வந்துச்சா ஜிந்தனா?" என்று கேட்டார் டாக்டர்.

"எங்க வீட்டு நம்பர், டாக்டரம்மா. வாய்ல அதுதான் வந்துச்சு."

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

மறுநாள் குலுக்கலில் கடைசி இரண்டு எண் அறுபத்திரண்டு.

வானொலியில் கேட்டபோது ஜிந்தனாவின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அடுத்த அரைமணி நேரத்தில் அவள் வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. கதவில் அடித்திருந்த 62 என்ற தகட்டைப் பார்த்துவிட்டு ஊரே கைகூப்பிக் கும்பிட்டது. வாசற்படியில் சிவப்புக் கலர் பாட்டில்கள் வரிசை கட்டின. கதவில் பவுடர் பூசினார்கள்.

"அது பொய்! கூட்டத்தை ஓட்டறதுக்காக நான் சொன்ன பொய்! அது எங்க வீட்டு நம்பர்!" என்று தொண்டை வற்றக் கத்தினாள் ஜிந்தனா.

"ஒன் வீட்டு நம்பரையே சொல்லியிருக்கான்னா பாத்துக்க, ஒம்மேல எவ்வளவு பாசம் அவளுக்கு!" என்றாள் அவளுடைய அக்காள், கண் கலங்கி.

ஒருத்தி ஜிந்தனாவின் முழங்கையைப் பிடித்து, அவள் உதறுவதற்குள் பவுடர் தடவித் தேய்த்துப் பார்த்தாள். ஜிந்தனா உள்ளே ஓடிப்போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, தோல் சிவக்கச் சிவக்கக் கையைக் கழுவினாள். கழுவியும் அந்த வாசனை போகவில்லை. இரண்டு வாரம் அவள் புழக்கடை வழியாகத்தான் வேலைக்குப் போய் வந்தாள். தடிச்சியாவது தப்பித்ததே என்பதுதான் ஒரே ஆறுதல். அதை நினைத்துத்தான் சோறு இறங்கியது.

மாதக் கடைசி நாள். மறுநாள் அடுத்த குலுக்கல். காலையில் அவள் வெறும் தொட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிலையத்தின் வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தமும் மேளச் சத்தமும் கேட்டது.

ஜரூனின் வண்டி. முன்னால் அவர், பின்னால் பத்துப் பதினைந்து பேர், எல்லோர் முகத்திலும் கல்யாணக் களை.

"கொழுந்தியா! யாரு வந்திருக்கா பாரு!"

வண்டியின் பின்தட்டில், ஈரச் சாக்கின் மேல், தடிச்சி கிடந்தது. கழுத்தில் சாமந்தி மாலை. படகின் மூக்கில் கட்டும் ரோஜா, பச்சை, மஞ்சள் பட்டுத்துணிகளை ஓட்டைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள். முதுகில் ஏற்கெனவே பவுடர்.

"பத்து நாளா தேடறோம்," என்றார் ஜரூன் பெருமையாக. "பன்னெண்டு படகு. ராத்திரி பகல் பாக்கல. கடைசில என் வலையிலதான் வந்து விழுந்தா. வலைய விட்டு வரமாட்டேன்னு ரெண்டு நாளு அடம் வேற. ஒன்னத் தேடித்தான் வந்திருக்கா கொழுந்தியா. அவ வேற யாருக்கும் சொல்ல மாட்டேங்கறா, நாங்க கேட்டுப் பாத்துட்டோம். நீ கேளு. இந்தத் தடவை மூணு எண்ணாக் கேளு."

ஜிந்தனா பட்டுத்துணியை விலக்கினாள். இடது பக்கம் வெட்டிய இடம் முழுவதும் கிழிந்து திறந்திருந்தது. நன்றாக இருந்த வலது முன்துடுப்பை வலைக்கயிறு இரண்டு நாள் அறுத்திருந்தது. உள்ளே எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. ஈ மொய்த்தது. சாமந்தி வாசனைக்கு அடியிலிருந்து அந்தப் பழைய அழுகல் நாற்றம் மெல்ல எழுந்தது. இதையும் வெட்டித்தான் எடுக்க வேண்டும், இரண்டு முன்துடுப்பும் இல்லாத ஆமையைக் கடல் ஏற்காது என்பது ஜிந்தனாவுக்குத் தெரியும்.

அவள் தலையில் கை வைத்ததும் தடிச்சி கண்ணை மூடிக்கொண்டு அடங்கியது.

"பாத்தீங்களா, பாத்தீங்களா, பேசப் போறா," என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

சீழுக்கும் புழுவுக்கும் ஒருநாளும் அசையாத ஜிந்தனாவின் வயிறு ஒரே புரட்டாகப் புரட்டியது. தான் கடற்கரையில் கத்திய அந்த ஒரு எண் நினைவில் வந்தது. அவள் வண்டித் தட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து, காலையில் தின்ற சோற்றையெல்லாம் மணலில் வாந்தி எடுத்தாள். கண்ணில் நீர் வர, குடல் வெளியே வருவது போல, நிற்காமல் எடுத்தாள்.

மேளம் நின்றது. கூட்டம் மரியாதையாக இரண்டடி பின்வாங்கியது.

ஜரூன் மட்டும் முன்னால் வந்தார். செருப்பைக் கழற்றினார். பவுடர் டப்பாவைத் திறந்தபடி, அவள் எடுத்த வாந்திக்கு எதிரே மெல்லக் குந்தி உட்கார்ந்தார்.

"யாரும் மிதிச்சுடாதீங்க," என்றார்.