மெர்வ் டக்வெல் ஏழாம் கதவான வரலாறு

மேற்கு ஆஸ்திரேலியாவில், கோரிங்கப் ஊரின் விவசாய மண்டபத்து வடக்குச் சுவர் ஆகஸ்ட் ஆறாம் தேதி காலை ஒன்பது இருபதுக்கு நிமிர்ந்தது. கட்டிய நாளிலிருந்து அது நான்கு விரற்கடை வெளிப்பக்கம் சாய்ந்தே நின்றிருந்தது. கோதுமைக் கண்காட்சி, கல்யாணம், சனிக்கிழமை நடனம் எல்லாம் அந்தச் சாய்வோடுதான் நடந்தன. நிமிர்ந்த காரணமும் அன்றே தெரிந்துவிட்டது. பெர்த் நகரிலிருந்து வந்த அளவைக்காரி டாம்சின் பாஸ்கோ, மண்டபத்துக்குள் பதினொரு இடங்களில் லேசர் கருவியைச் சுழலவிட்டு, கட்டடத்தைக் கோடிக்கணக்கான புள்ளிகளாக வாரிக்கொண்டு போய், விடுதி அறையில் அந்தப் புள்ளி மேகத்தின் மேல் சுவர்களை வரைந்துகொண்டிருந்தார். இந்தத் தொழிலில் எல்லோருக்கும் ஒரு சோம்பேறித்தனம் உண்டு. சாய்ந்த சுவரைச் சாய்ந்தபடி வரைவது பெரும்பாடு என்று நேராக ஒரு கோடு இழுத்து, ‘ஏற்கத்தக்க பிழை’ என்று ஓரத்தில் குறித்துவிடுவார்கள். டாம்சினும் நேராக இழுத்தார். மண்டபம் சொன்ன பேச்சைக் கேட்டது.

ஊர் சந்தோஷப்பட்டது. பேக்கரிக்காரர் தன் கடையின் பின்சுவரையும் கொஞ்சம் பார்க்கச் சொல்லி ஒரு தட்டு கேக் அனுப்பிவைத்தார். வினை அதற்குப் பிறகுதான் வந்தது. புள்ளி மேகத்தில் கட்டடம் அல்லாத எது விழுந்தாலும் அதற்கு இரைச்சல் என்று பெயர். அதைத் துடைத்த பிறகே கட்டடத்தின் கணினிப் பிரதியை ஒப்படைக்க முடியும். டாம்சின் ஓர் ஏணியைத் துடைத்தார், மண்டபத்து ஏணி காணாமல் போனது. அப்போதும் அவருக்கு உறைக்கவில்லை. கருவி சுழலும்போது எல்லோரும் வெளியே போய்விட வேண்டும். அளவைக்காரியே கருவியின் முதுகுப்பக்கமாகப் பதுங்கிப் பதுங்கி நடப்பார். மண்டபக் காவலர் மெர்வ் டக்வெல் மட்டும், “என் மண்டபத்துல இருந்து என்னையே வெளிய போகச் சொல்றியா?” என்று துடைப்பமும் கையுமாக நின்றுவிட்டார். ஆகவே மேகத்தில் பதினொரு மெர்வ்கள் இருந்தார்கள். வியாழக்கிழமை மதியம் டாம்சின் அவர்களில் மூவரைத் துடைத்தபோது, மெர்வின் மனைவி நோலீன், எதிரே உட்கார்ந்து சாசேஜ் தின்றுகொண்டிருந்த கணவர் வழியாக ஃப்ரிட்ஜ் தெரிவதைப் பார்த்தார்.

கையிலிருந்த முள்கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல், கணவரை இழுத்துக்கொண்டு விடுதிக்குப் போனார்.

“ஏய் பொண்ணே, என் புருஷன என்ன பண்ணிட்டு இருக்க?”

“ஐயோ நோலீன், நான் இரைச்சலத்தான் துடைச்சேன்!”

“முப்பத்தெட்டு வருஷமா இந்த இரைச்சலோடதான் குடித்தனம் பண்றேன். நான் துடைச்சேனா?”

சொல்லிவிட்டு நோலீன் கட்டிலில் உட்கார்ந்து அழுதார். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் பிரதி அரசு அலுவலகத்துக்குப் போகாவிட்டால் பழுதான கூரையை மாற்றப் பணம் வராது, மண்டபத்தைப் பூட்டிவிடுவார்கள். மனித உருவத்தோடு போனாலோ அதை வாங்கமாட்டார்கள். “மண்டபம் நிக்கட்டும், என்னத் துடைச்சிடும்மா” என்றார் மெர்வ். “வாய மூடு. ஜன்னல் கண்ணாடி மாதிரி உக்காந்துகிட்டு வீரம் வேற” என்றார் நோலீன்.

கட்டடத்தின் உறுப்பு என்று வகைப்படுத்தினால் எதுவும் பிரதியில் இருக்கலாம் என்பது டாம்சினுக்கு ஞாபகம் வந்தது. ஒரு மெர்வை மட்டும் தூண் என்று போட்டுவிடலாம் என்றார்.

“தூணா? இப்பவே சோபாவ விட்டு அசைய மாட்டாரு. தூண்னு எழுதிட்டா வீட்டுக்கு எப்படி வருவாரு?”

படிக்கட்டு வேண்டாம், ஆளாளுக்கு மிதிப்பார்கள். ஜன்னலும் சரிப்படாது.

“கதவுன்னு போடு கண்ணு” என்றார் நோலீன் கடைசியில். “கதவுன்னா தொறந்து வெளிய போகும், திரும்பி வந்து சேரும்.”

வெள்ளிக்கிழமை காலை டாம்சின் வரைய உட்கார்ந்தார். வழக்கமாகக் கதவு என்றால் ஒரு பலகைதான். நோலீன் பக்கத்தில் நாற்காலி போட்டு, காது மடலில் இருந்த வெட்டு, அரை அங்குலம் குறைந்த சுண்டுவிரல், இடப்பக்கம் மட்டும் ஏறும் புருவம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். “தொப்பைய மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கலாமா?” என்று மெர்வ் கேட்டார். “இருக்கறது இருக்கறபடிதான்” என்றார் டாம்சின், தன் தொழில் வாழ்க்கையில் முதல்முறையாக. மூன்று ஐம்பதுக்கு மீதி ஏழு மெர்வ்களைத் துடைக்க வேண்டி வந்தது. நோலீன் கணவரின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு கண்களை இறுக மூடினார். ஏழு முறை விசை தட்டும் ஓசை கேட்டது. கை அவர் பிடியிலேயே இருந்தது, கனமாக, சூடாக. “விடு, எலும்பு நொறுங்குது” என்றார் மெர்வ்.

கூரை மாறியது. சனிக்கிழமை நடனங்கள் தொடர்ந்தன. மெர்வுக்குக் குளிர்காலத்தில் கீல் கிறீச்சிட்டது. நோலீன் எண்ணெய் விட்டார். ஆறாம் ஆண்டு தீயணைப்புத் துறையிலிருந்து ஓர் ஆய்வாளர் பட்டியலோடு வந்து கதவுகளை எண்ணினார். ஆறுதான் தேறியது. ஏழாவது எங்கே என்றார்.

“சாப்பிட வீட்டுக்குப் போயிருக்கு” என்றார்கள் நடனக்காரர்கள்.

ஆய்வாளர் தேநீர் குடித்தபடி காத்திருந்தார். இரண்டு மணிக்கு மெர்வ் வந்ததும் உயரத்தை அளந்தார், பட்டியலோடு ஒத்துப்போனது. நன்றாக இயங்குகிறது என்று எழுதி, விதிப்படி இந்தக் கதவை வெளியே போகவிடாமல் எவரும் எக்காலத்திலும் தடுக்கக்கூடாது என்றும் சேர்த்து எழுதி, கையெழுத்திட்டுக் கொடுத்தார்.